ரீசார்ஜ் செய்யாததால் உதவித்தொகை நின்றுபோனது: ஏழைகளின் செல்போனுக்கு அரசு மானியம் தர வேண்டுமா?

தெற்குவாடி கடைக்காரர் (பாம்பன்) | திங்கள், இரவு 9:40

பாம்பனில் பதினோரு வருடமாகச் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜும் செய்து கொடுக்கிறேன். இன்று மாலை நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஓர் அக்கா, வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பொத்தான் செல்போன் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். "தம்பி, இதில் யாரும் கூப்பிடுவதே இல்லை, என்னவென்று பார்" என்றார். செல்போனில் ஒரு கோளாறும் இல்லை. போன வருடம் பாசிக்குப் போகாத மாதங்களில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருக்கிறார். எண் முடங்கி, பிறகு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அந்த எண்ணுக்கு என் செல்போனிலிருந்து அழைத்தேன். கோயம்புத்தூரில் ஓர் இளைஞர் எடுத்தார். சிம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது என்றார். அவர் மேல் என்ன தவறு?

அக்காவின் ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் பதிந்திருப்பது அந்த எண்தான். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தன் பங்கு 1,500 ரூபாயை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அரசின் 3,000 சேர்ந்து 4,500 கைக்கு வர வேண்டும். வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஓடிபி வேண்டும். அது கோயம்புத்தூருக்குப் போகிறது.

"நான்தான் நேரில் வந்து நிற்கிறேனே தம்பி, பிறகு எதற்கு நம்பர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வருமானம் குறைந்த குடும்பங்களின் செல்போனுக்கு அரசு பணம் தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கருவி வாங்கவா, மாதக் கட்டணத்துக்கா என்பதில்தான் எனக்கே தெளிவு இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

தொண்டி ஓய்வூதியர் | திங்கள், இரவு 10:25

தம்பி, அந்த அம்மாவின் நிலையைப் படித்து வருந்தினேன். ஆனால் அதற்கு மருந்து செல்போன் மானியம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசுப் பணியில் இருந்தவன் நான். இலவசப் பொருள் ஒன்று சென்னையில் அறிவிக்கப்பட்டு நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரும் வரை என்னென்ன நடக்கும் என்று கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2006-க்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. மடிக்கணினியால் மேலே வந்த பிள்ளைகளை நான் அறிவேன், அதை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். செல்போன் அப்படிப்பட்ட பொருள் அல்ல. நம் உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? பேட்டரி உப்பிவிட்டால் யார் மாற்றித் தருவார்கள்?

வரலாற்றையும் பாருங்கள். 2016 தேர்தலில் ரேஷன் அட்டைதாரர்களுக்கு இலவசச் செல்போன் என்ற வாக்குறுதி இங்கே தரப்பட்டது. நடைமுறைக்கு வரவில்லை. சத்தீஸ்கரில் 2018-இல் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு என்று தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. ராஜஸ்தானில் 2023 ஆகஸ்டில், முதல் கட்டமாக 40 லட்சம் பெண்களுக்கு என்றார்கள். டிசம்பரில் ஆட்சி மாறியது, அதுவும் நின்றது. இரண்டு இடத்திலும் தேர்தலுக்குச் சில மாதம் முன்புதான் விநியோகம் நடந்தது. ஏழைக்குத் தேர்தல் வருடத்தில் மட்டும்தான் செல்போன் தேவையா?

என் வழி வேறு. நேரில் வந்து நிற்கும் மனிதரை அலுவலகம் நம்ப வேண்டும். கைரேகை இருக்கிறது, அட்டை இருக்கிறது. செல்போன் இல்லாமலே வேலை முடிய வேண்டும்.

---

தேவிபட்டினம் வாசகன் | திங்கள், இரவு 10:50

ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர் ரீசார்ஜுக்கு மானியம் கேட்கிறார். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படிப்போம்.

---

தெற்குவாடி கடைக்காரர் | செவ்வாய், காலை 6:30

கேட்டது நியாயம்தான் அண்ணன். ரீசார்ஜில் எனக்குக் கிடைப்பது நூற்றுக்குச் சில ரூபாய். அதற்காக நான் இதை எழுதவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அதனால் கணக்கை மட்டும் வைக்கிறேன்.

முன்பெல்லாம் சிம்மில் காசு இல்லாவிட்டாலும் அழைப்பு வந்துகொண்டிருக்கும். 2018 இறுதியில்தான், எண் உயிரோடு இருக்க மாதம் குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் கொண்டுவந்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகை 2021 ஜூலையில் 79 ஆனது. அதே நவம்பரில் 99. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு என் கடையில் அதிகம் போகும் சிம்முக்கு 28 நாளுக்கு 199. மாதம் என்று சொல்கிறோமே தவிர அது மாதம் அல்ல, 28 நாள். வருடத்துக்குப் பதின்மூன்று முறை போட வேண்டும். 13 முறை 199 என்றால் 2,587 ரூபாய்.

இதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடக்கம். 199-இல் ஏறத்தாழ 30 ரூபாய் வரி. வருடத்துக்கு 390 ரூபாய்க்கு மேல். யாருக்கும் அதிகம் பேசாத, இணையமே திறக்காத, அழைப்பும் குறுஞ்செய்தியும் வர மட்டுமே செல்போன் வைத்திருக்கும் பாசி எடுக்கும் அக்காவிடமிருந்து அரசு வருடத்துக்கு 390 ரூபாய் வாங்குகிறது. மானியம் என்று பேசும் முன்பே இந்தப் பணம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் பெரிய நிறுவனங்களிடமிருந்து வந்த திட்டங்கள் 84 நாளும் 365 நாளுமாக இருந்தன. 84 நாளுக்கே ஒரே முறையில் 450 ரூபாய் அளவுக்கு எடுத்து வைக்க வேண்டும். அன்றாடம் பாசி எடுத்து அன்றாடம் அரிசி வாங்கும் வீட்டில் அந்த 450 ஒன்றாகச் சேர்வதே இல்லை. விலை குறைந்த சிம் ஒன்று இருக்கிறது. அந்த அக்காவின் தெருவில் அதற்குச் சிக்னல் இல்லை.

---

ஓலைக்குடா மகள் | செவ்வாய், காலை 8:05

தொண்டி ஐயாவுக்கு வணக்கம். கைரேகை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் அம்மா முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறார். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் இறுக்கமாக ஒட்டியிருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி உள்ளே போய்ப் பிய்த்து எடுக்க வேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். ஆனாலும் தோல் கிழியும், ஆறும், மறுபடி கிழியும். அந்த விரல்களில் இப்போது ரேகை என்று எதுவும் மிச்சமில்லை. கருவியில் நாலு விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வை என்பார்கள். ஒன்றும் நடக்காதபோது, "செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் ரேகை தோற்ற இடத்தில்தான் செல்போன் வருகிறது ஐயா. அதுவும் இல்லை என்றால் அம்மா வேறு எதைக் காட்டுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர்கள் "வீட்டில் செல்போன் இருக்கிறதா?" என்று கேட்டு, "இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே செல்போன் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். 2020-இல் பள்ளி மூடியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பு செல்போனில் நடந்தது. செல்போன் கடலில் இருந்தது. அடுத்த தெருவில் ஒரு சித்தி வீட்டில் கல்வித் தொலைக்காட்சி பார்த்துப் படித்தேன். அங்கே கேள்வி கேட்க முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். அந்த வருடம் விட்டுப்போன கணக்குப் பாடம் பதினொன்றாம் வகுப்பு வரை என்னைத் துரத்தியது. என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை.

அரசு ஏதாவது கொடுத்தால் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்காமல், பெண்ணின் பெயரில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு என்றால் அது ஆண் கையில்தான் போய்ச் சேரும். அப்பாவைக் குறை சொல்லவில்லை. கடலில் அவருக்கும் அது தேவை.

---

மண்டபம் ஆய்வு மாணவன் | செவ்வாய், காலை 11:15

கடலில் செல்போன் என்றதும் கேரள ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் படிப்படியாகச் செல்போன் சேவை வந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். எந்தக் கரைச் சந்தையில் விலை அதிகம் என்று கடலிலிருந்தே கேட்டுக்கொண்டு படகுகள் அங்கே போயின. ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

கவனிக்க வேண்டியது, அங்கே அரசு யாருக்கும் செல்போன் வாங்கித் தரவில்லை. கோபுரம் வந்தது, மீனவர்கள் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அதனால் கோபுரம் அமைப்பதில் அரசு பணம் போட்டால் போதும், தனி மனிதருக்குத் தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

---

மூக்கையூர் நாட்டுப்படகு | செவ்வாய், மாலை 4:50

தம்பி, கேரளத்துக் கதை சரி. இங்கே வந்து பாருங்கள்.

என் வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்தவர் ஏலக்காரர். பிடித்ததை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கமிஷன் போக அவர் சொல்வதுதான் விலை. கடன் முடியும் வரை, அதாவது பெரும்பாலும் ஆயுசுக்கும், அப்படித்தான். மண்டபத்தில் நண்டு என்ன விலை போகிறது என்று செல்போனில் தெரிந்துகொண்டால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். விலையை அறிவது ஒன்று, அந்த விலைக்கு விற்கும் சுதந்திரம் வேறு.

எனக்குச் செல்போன் உயிருக்காக வேண்டும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறேன். கரையை விட்டு விலக விலகச் சிக்னல் மெலியும். கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கைச் சிக்னல் பிடித்துக்கொள்ளும், அது வேறு தொல்லை. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது குமரிக் கடலில் நடு ஆழத்தில் இருந்தவர்களுக்குக் கரையிலிருந்து யாராலும் சொல்லி அனுப்ப முடியவில்லை. அங்கே செல்போன் எத்தனை இருந்து என்ன பயன்? ஆழத்துக்குப் போகிறவனுக்குக் கடலிலிருந்து பேசும் விஎச்எப் ரேடியோ கருவி வேண்டும், செயற்கைக்கோள் வழிப் பேசும் கருவி வேண்டும். விசைப்படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே கரைக்குச் செய்தி அனுப்பும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தினார்கள். நாட்டுப்படகுக்காரனுக்கு என்ன என்று கேளுங்கள்.

ஆனால் கரையில் இருக்கும்போது எச்சரிக்கை வர வேண்டுமே, அதற்குச் செல்போன் வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனுக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றதே, நினைவிருக்கிறதா? மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அப்போது என் செல்போனில் ரீசார்ஜ் நாள் முடிந்து போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து சொல்லித்தான் படகை மேட்டுக்கு இழுத்தோம். பாம்பனில் 2016-இல் ஆரம்பித்த கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது, எங்களுக்கென்றே நடத்துகிறார்கள், நல்ல காரியம். வானொலிக்கு ரீசார்ஜ் வேண்டாம். ஆனால் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று அதில் திருப்பிச் சொல்ல முடியாது.

---

கீழக்கரை வாசி (இப்போது நியூ ஜெர்சியில்) | செவ்வாய், இரவு 9:20

நான் இருக்கும் நாட்டில் இந்தக் கேள்விக்கு நாற்பது வருட அனுபவம் இருக்கிறது. நல்லதும் கெட்டதுமாகச் சொல்கிறேன்.

லைஃப்லைன் என்பது திட்டத்தின் பெயர். 1985-இல், ரீகன் அதிபராக இருந்தபோது, ஏழைகளின் வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸை அழைக்கவும் வேலை கொடுப்பவர் அழைத்தால் எடுக்கவும் எல்லோர் வீட்டிலும் தொலைபேசி இருக்க வேண்டும் என்பதே அடிப்படை. 2005-இல் கத்ரீனா சூறாவளி வந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வீடே இல்லாதவருக்கு வீட்டுத் தொலைபேசி எப்படித் தருவது? அந்த நிதியைச் செல்போனுக்கும் திறந்துவிட்டார்கள். 2008-இலிருந்து பிரீபெய்டு நிறுவனங்கள் இதில் பெரிதாக இறங்கின. ஒபாமா கொடுத்த போன் என்று பிறகு எதிர்ப்பாளர்கள் பேசினார்கள், ஆனால் அவர் பதவிக்கு வரும் முன்பே அது தொடங்கிவிட்டது. 2016-இல் இணையமும் சேர்ந்தது.

இப்போது அரசு தருவது மாதம் 9.25 டாலர் வரை. பழங்குடி நிலங்களில் அதற்கு மேல் 25 டாலர் வரை. பணம் பயனாளியின் கைக்கு வராது, நிறுவனத்துக்குப் போய்க் கட்டணத்தில் கழியும். கருவிக்கு அந்த நிதியிலிருந்து பணம் கிடையாது. கருவி இலவசமாக வந்தால் அது நிறுவனம் ஆள் சேர்க்கத் தன் செலவில் தருவது. வருமானம் வறுமை வரம்பின் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு உதவி, மருத்துவ உதவி போன்ற ஒன்றில் ஏற்கெனவே பெயர் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒன்றுதான். ஓலைக்குடா மகள் சொன்ன குறை இங்கேயும் உண்டு.

குறையை மறைக்கக் கூடாது. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 35 லட்சம் பேரின் விவரங்களைச் சோதித்தது. சுமார் 12 லட்சம் பேர் தகுதி உள்ளவர்கள்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை. தகுதியைப் பார்க்கும் வேலையை நிறுவனங்களிடமே விட்டதுதான் காரணம். ஆள் சேர்த்தால் பணம் வரும் என்றால் எந்த நிறுவனம் கேள்வி கேட்கும்? அதன் பிறகுதான் தகுதி பார்க்கும் வேலையைத் தனி அமைப்புக்கு மாற்றினார்கள்.

இன்னொரு செய்தி தொண்டி ஐயாவுக்கு உதவும். கொரோனா காலத்தில் மாதம் 30 டாலர் இணைய உதவி என்று வேறொரு திட்டம் வந்தது. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. நாடாளுமன்றம் மேற்கொண்டு பணம் ஒதுக்கவில்லை, 2024 ஜூன் 1-இல் நின்றுபோனது. லைஃப்லைன் மட்டும் நிற்கவில்லை. அதற்கான பணம் வருடாந்திர ஒதுக்கீட்டில் வருவதில்லை, எல்லாத் தொலைபேசி நிறுவனங்களும் செலுத்தும் பொதுச் சேவை நிதியிலிருந்து வருகிறது. அவர்கள் அதை எங்கள் பில்லில் சேர்த்து வாங்குகிறார்கள். நானும் மாதந்தோறும் கட்டுகிறேன், மனவருத்தம் இல்லாமல்.

---

தொண்டி ஓய்வூதியர் | புதன், காலை 5:50

கீழக்கரை காக்கா (அண்ணன்) எழுதியதை இரண்டு முறை படித்தேன். 35 லட்சத்தில் 12 லட்சம் என்றால் மூன்றில் ஒருவருக்கு மேல். நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஓலைக்குடாப் பிள்ளைக்கு: அம்மா, உன் தாயின் விரல்களைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பணியில் இருந்தபோது கைரேகை விழாதவர்களை "நாளை வாருங்கள்" என்று அனுப்பியவர்களில் நானும் ஒருவன். நாளைக்கு மட்டும் ரேகை எங்கிருந்து வரும் என்று அப்போது யோசித்ததில்லை.

ஆனாலும் கருவி விநியோகத்தை நான் எதிர்க்கிறேன்.

---

சாயல்குடிப் பக்கத்துச் செவிலியர் | புதன், பிற்பகல் 2:30

கிராமச் சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். உப்பளத்திலும் பனங்காட்டிலும் வேலை செய்யும் குடும்பங்கள் என் பகுதியில் அதிகம்.

என் பதிவேட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயருக்கு எதிரிலும் செல்போன் எண் இருக்கிறது. எழுதியபோது வேலை செய்த எண்கள். எட்டாம் மாதம் அழைக்கும்போது பாதிக்குப் பாதி "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வருகிறது. மழைக்காலத்தில் உப்பள வேலை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்களுக்கு வருமானமே இல்லை என்பதால்தான் அரசு வருடத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்த மூன்று மாதத்தில்தான் செல்போனும் செத்துப்போகிறது. பாதை தண்ணீரில் மூழ்குவதும், ஆம்புலன்ஸை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியதும் அதே மூன்று மாதத்தில்தான்.

போன வருடம் இரத்த அழுத்தம் கூடிய ஒரு பெண். பரிசோதனை முடிவு வந்ததும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எண் இல்லை. கணவர் எண்ணும் இல்லை. இருட்டும் நேரத்தில் உப்பளக் கரை வழியாக நடந்து போனேன். அவள் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாயும் பிள்ளையும் நலம். ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் என்று நினைக்க எனக்கு இன்னும் நடுக்கம் வருகிறது.

அவளுக்கு இணையம் வேண்டாம். அவள் யாரையும் அழைக்கக்கூட வேண்டாம். நான் அழைத்தால் மணி அடிக்க வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான்.

மகளிர் உரிமைத் தொகையையும் சொல்கிறேன். 2023-இல் விண்ணப்ப முகாமுக்குச் செல்போனோடு வரச் சொன்னார்கள். நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. குறுஞ்செய்தி கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. செல்போனில் நாள் முடிந்தவளுக்கு அந்த 30 நாள் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது?

---

ராமநாதபுரம் வழக்கறிஞர் | புதன், இரவு 8:10

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலவசத் தொலைக்காட்சி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. ஆகவே தருவதற்குச் சட்டத் தடை இல்லை. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. ஆனால் தடுக்காதே என்பது வேறு, வாங்கிக் கொடு என்பது வேறு. அந்தத் தீர்ப்பை வைத்து ரீசார்ஜுக்குப் பணம் கேட்க முடியாது.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் முக்கியம். காக்கா சொன்ன அமெரிக்க நிதியைப் போன்ற ஒன்று நம்மிடம் 2002-இலிருந்தே இருக்கிறது. நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. தொடக்கக் காலத்தில் அந்தப் பணத்தில்தான் கிராமப் பொதுத் தொலைபேசிக்கும், கிராமத்து வீடுகளில் கம்பித் தொலைபேசி இணைப்புக்கும் மானியம் தந்தார்கள். அதனால் தனி வீட்டு இணைப்புக்கு மானியம் என்பது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. கிராமத்து வீட்டுக்குத் தொலைபேசி தேவை என்று இருபது வருடம் முன்பு ஒப்புக்கொண்ட அரசு, எல்லா உதவியையும் தொலைபேசி வழியாகத் திருப்பிவிட்ட இன்று அதை மறுக்க என்ன காரணம் சொல்லும்?

---

தேவிபட்டினம் வாசகன் | புதன், இரவு 8:35

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் அண்ணன். செவிலியர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அது சிறுமையாகத் தெரிகிறது.

---

தெற்குவாடி கடைக்காரர் | வியாழன், காலை 6:15

பரவாயில்லை அண்ணன், அந்தக் கேள்வியால்தான் நான் கணக்கை எழுதினேன்.

மூன்று நாள் படித்த பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. கருவி கொடுப்பதை நானும் இனிக் கேட்க மாட்டேன். பொத்தான் செல்போன் 1,000, 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கஷ்டப்பட்டாவது வாங்கிவிடுகிறார்கள், அல்லது மகனுடைய பழையது வருகிறது. பதினோரு வருடத்தில் என் கடைக்கு வந்த ஏழைகளில் செல்போனே இல்லை என்றவர்கள் கொஞ்சம். செல்போன் இருந்தும் எண் செத்துப்போனவர்கள்தான் அதிகம். கருவி ஒருநாள் செலவு, எண் தினசரிச் செலவு.

வறுமை அளவைக் காட்டும் ரேஷன் அட்டையில் உள்ள பெண்ணின் பெயரில் ஓர் எண். அந்த எண்ணுக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் வருவது ரீசார்ஜ் இல்லை என்று ஒருநாளும் நிற்கக் கூடாது. வேறு யாருக்கும் அந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. வெளியே பேசவும் இணையத்துக்கும் அவரவர் காசு. இதற்கான செலவை வழக்கறிஞர் ஐயா சொன்ன அந்த நிதி ஏற்கட்டும். தகுதி பார்ப்பது நிறுவனத்தின் வேலையாக இருக்கக் கூடாது, என்னைப் போன்ற கடைக்காரன் வேலையாகவும் இருக்கக் கூடாது.

இதற்கு இடையில் ஒரு ஆபத்தும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "தம்பி, உன் நம்பரையே என் ஆதாரில் போட்டுவிடு" என்று என்னிடம் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். அவர்கள் வங்கிக் கதவின் சாவி என் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. ஆனால் எல்லாக் கடையிலும் மறுப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

---

மூக்கையூர் நாட்டுப்படகு | வியாழன், மதியம் 1:00

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனுவாகக் கொடுக்கும்போது நாட்டுப்படகுக்கு விஎச்எப் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விட்டுவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

---

தொண்டி ஓய்வூதியர் | வியாழன், மதியம் 1:40

மூன்று நாளாக மறுத்துப் பேசியவன் இப்போது பாதி இறங்கி வருகிறேன். கருவி வேண்டாம் என்பது முடிவானால், வரும் அழைப்பு நிற்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எந்த உதவிக்கும் ஓடிபி கிடைக்காதவருக்கு வேறு வழி ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சான்று தந்தால் போதும் என்பது போல. அது இல்லாமல் மானியம் மட்டும் கேட்டால், செல்போன் இல்லாதவர் மனிதரே இல்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை நான் எழுதித் தருகிறேன். மனு எழுதுவது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

---

ஓலைக்குடா மகள் | வெள்ளி, இரவு 7:45

ஐயா, நீங்கள் அனுப்பிய மனுவை அம்மாவுக்கும் எங்கள் தெருப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்து முழுவதும் கேட்டார்கள். பதினாறு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரலை வைக்கிறோம் என்றார்கள். பிறகு விரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னப்பாலத்து அத்தையும் வந்து சேர்ந்துகொண்டார். கடைக்கார அண்ணன் முதலில் எழுதியது அவரைப் பற்றித்தான். படிவத்தில் செல்போன் எண் எழுத ஓர் இடம் இருக்கிறது. மனு போய்ச் சேர்ந்ததா என்ற செய்தி அந்த எண்ணுக்குத்தான் வருமாம். அந்த இடத்தில் எதை எழுதுவது என்று கேட்கிறார்.

---

தெற்குவாடி கடைக்காரர் | வெள்ளி, இரவு 7:52

ஆதாருக்கு மறுத்தேன். இதற்கு மறுக்க மாட்டேன். என் கடை எண்ணை எழுதச் சொல்லுங்கள் தங்கச்சி. செய்தி வந்த அன்றே நான் சின்னப்பாலம் போய் அக்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன்.